7. போர்டு கோப்புகளை மாற்றி நிறுவுதல்

2017இல் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் தொடங்கிய 'டிஜிட்டல் மேக்கர்' திட்டத்தின் வழியாக, உள்ளங்கையில் அடங்கும் மைக்ரோபிட் போர்டு சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்குள் நுழைந்தது. பிள்ளைகள் கணினித் திரையில் வண்ணக் கட்டங்களை இழுத்து ஒட்டி, போர்டிலுள்ள 25 சிவப்பு விளக்குகளில் சிரித்த முகம் வரைந்தார்கள். ஆசை தீர்ந்ததும் பல வீடுகளில் அது மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. இந்த அத்தியாயத்துக்கு அந்தப் போர்டுதான் வேண்டும். தேடி எடுங்கள்.

எடுத்ததும் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் ஸ்பீக்கர் இருந்து, முன்பக்க லோகோ பொன்னிறத்தில் தொடுபொத்தானாக இருந்தால் அது 2020 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட வி2. உள்ளே நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52833 சிப், 64 மெகாஹெர்ட்ஸ் வேகம், 512 கேபி ஃப்ளாஷ், 128 கேபி ரேம். பழைய வி1இல் ரேம் வெறும் 16 கேபி. இங்கே சொல்லும் பின் எண்கள் எல்லாம் வி2க்கு. வி1 மட்டும் கையில் இருந்தால் முறை இதுவே, எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

நாம் பயன்படுத்தும் நிகழ்நேர இயங்குதளம் ஸெஃபிர். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அறிவித்த திட்டம், அப்பாச்சி 2.0 உரிமம், காசு கிடையாது. நிறுவும் முறையைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். ஒன்றை மட்டும் மறுபடி சொல்கிறேன். 'வெஸ்ட்' கருவியைச் சும்மா ஓடவிட்டால் ஸெஃபிர் ஆதரிக்கும் எல்லா சிப் நிறுவனங்களின் கோப்புகளையும் இறக்கிவைக்கும். அது பல ஜிபி. நமக்குத் தேவை ஆர்ம் கோர், நார்டிக் இரண்டுக்குமான பகுதிகள் மட்டும்தான். அவற்றை மட்டும் வடிகட்டி எடுக்கச் சொல்லுங்கள். கைபேசி டேட்டாவில் இறக்குகிறவர்களுக்கு இது பெரிய மிச்சம்.

கோப்புப் பெயர்களையும் கட்டளைகளையும் இந்நூலில் உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறோம். கணினியில் தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து.

போர்டு கோப்பு என்றால் என்ன?

ஒரே சிப்பை நூறு பேர் நூறு விதமான போர்டில் வைத்து விற்கிறார்கள். சிப்புக்குள் என்ன இருக்கிறது என்பது இயங்குதளத்துக்கு முன்பே தெரியும். அந்தச் சிப்பின் எந்தக் காலில் விளக்கு, எந்தக் காலில் பொத்தான், எந்தக் கால் வழியாகக் கணினியோடு பேச வேண்டும், கடிகாரத் துடிப்பு எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் போர்டுக்குப் போர்டு மாறும். அதைச் சொல்லும் கோப்புகளின் தொகுப்புதான் போர்டு சப்போர்ட் பேக்கேஜ். வேலைக்களத்தில் பிஎஸ்பி என்பார்கள்.

ஸெஃபிரில் இந்தத் தொகுப்பு முக்கியமாக மூன்று வேலை செய்கிறது. 'டிவைஸ் ட்ரீ' கோப்பு, என்னென்ன வன்பொருள் எங்கே இணைந்திருக்கிறது என்று விவரிக்கும். 'டெஃப்கான்ஃபிக்' கோப்பு, இயங்குதளத்தின் எந்தெந்தப் பகுதியை இந்தப் போர்டுக்குச் சேர்க்க வேண்டும் என்று சொல்லும். சிமேக் கோப்பு, கட்டிய நிரலை எந்தக் கருவியால் போர்டில் ஏற்றுவது என்று சொல்லும். மீதி எல்லாம் பெயர்ப்பட்டியலும் ஆவணமும்தான்.

புதிதாக வருகிறவர்கள் டிவைஸ் ட்ரீயையும் டெஃப்கான்ஃபிக்கையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். முதலாவது வன்பொருளைப் பற்றிய உண்மை, இரண்டாவது மென்பொருளைப் பற்றிய தேர்வு. ஒரு சென்சார் போர்டில் இருக்கிறதா என்பது முதல் கோப்பில் இருக்கும். அதன் டிரைவரை நிரலில் சேர்க்கலாமா என்பது இரண்டாவதில். ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு "வேலை செய்யவில்லையே" என்று உட்கார்ந்திருப்பவர்கள்தான் அதிகம்.

சாமான் வாங்க

தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். சிராங்கூன் ரோட்டிலிருந்து டன்லப் ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்து மறுமுனைக்குப் போனால் ஜாலான் புசார். அதில் வலப்பக்கம் திரும்பி ரோச்சோர் கால்வாயை நோக்கி நடந்தால் சிம் லிம் டவர். சுற்றுலாப் பயணிகள் போகும் சிம் லிம் ஸ்குவேர் வேறு கட்டடம். அங்கே லேப்டாப்பும் கைபேசியும் கிடைக்கும், ரெசிஸ்டர் தேடி அங்கே அலைய வேண்டாம். டவரில்தான் எல்இடி, கம்பி, முதலை கிளிப், பிரெட்போர்டு எல்லாம் இழுப்பறை இழுப்பறையாக வைத்திருப்பார்கள். ஒரு விஷயம்: ஞாயிற்றுக்கிழமை தேக்கா முழுக்க நம் ஆட்களாக இருக்கும், ஆனால் டவரில் பல கடைகள் அன்று திறப்பதில்லை. வாரம் முழுக்க வேலை பார்த்து ஞாயிறு மட்டும் ஓய்வு கிடைக்கும் ஊழியர்கள் சனிக்கிழமை மாலைக்குள் யாரையாவது அனுப்பி வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

வாங்க வேண்டியவை: சிவப்பு எல்இடி ஒன்று, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, முதலை கிளிப் வைத்த கம்பி இரண்டு, டேட்டா போகும் யுஎஸ்பி கம்பி ஒன்று. கடைசியில் சொன்னதைக் கவனியுங்கள். பழைய பவர் பேங்க்கோடு வந்த கம்பி பல நேரங்களில் மின்சாரத்தை மட்டும் கடத்தும். போர்டில் விளக்கு எரியும், கணினிக்கு ஒன்றும் தெரியாது. போர்டு கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கிப்போட்டவர்கள் உண்டு.

பாடப்புத்தகங்கள் 220, 330 ஓம் என்று எழுதியிருக்க, 1 கிலோ ஓம் எதற்கு? இந்தச் சிப்பின் கால் ஒன்று வழக்கமான அமைப்பில் சுமார் 2 மில்லிஆம்பியர் கொடுக்கத்தான் வடிவமைக்கப்பட்டது. போர்டு 3.3 வோல்ட், சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 1.3 வோல்ட். 330 ஓம் போட்டால் 4 மில்லிஆம்பியர் வரும், 1 கிலோ ஓம் போட்டால் 1.3. வெளிச்சம் கொஞ்சம் குறையும், ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு எரியும்.

மாற்றத்தை எங்கே எழுதுவது?

மூன்று இடங்கள் உண்டு. ஒன்று, ஸெஃபிரின் மூல ஃபோல்டருக்குள்ளேயே போய் போர்டு கோப்பைத் திருத்துவது. இதைச் செய்யாதீர்கள். அடுத்த முறை 'வெஸ்ட்' புதுப்பிக்கும்போது மோதல் வரும், அல்லது உங்கள் மாற்றம் காணாமல் போகும். அதைவிட மோசம், எது அசல், எது உங்கள் கை வைத்தது என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. இணையத்தில் கிடைக்கும் பல 'மாற்றிய பிஎஸ்பி' பொட்டலங்கள் இப்படித்தான் பிறந்தவை. மூல ஃபோல்டரின் மேலேயே விரித்துப் போடச் சொல்வார்கள். அப்படி ஒன்று கைக்கு வந்தால் தனி ஃபோல்டரில் விரித்து, அசலோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, உண்மையில் மாறியது எது என்று பாருங்கள். நூறு கோப்பு உள்ள பொட்டலத்தில் மாறியது பெரும்பாலும் ஐந்தாறு வரிதான் இருக்கும்.

இரண்டாவது இடம் 'ஓவர்லே'. அசல் போர்டு விவரத்தைத் தொடாமல் அதன் மேல் விரிக்கும் சிறு கோப்பு. நாலு பின்னை மாற்ற, ஒரு சென்சாரைச் சேர்க்க இதுவே போதும். மூன்றாவது, போர்டு தொகுப்பு முழுவதையும் உங்கள் சொந்த ஃபோல்டருக்கு நகல் எடுத்து, வேறு பெயர் சூட்டுவது. நீங்களே வடிவமைத்த போர்டுக்கு மட்டும் இது.

முதலில் ஓவர்லே.

எல்இடி0 எங்கே?

ஸெஃபிரில் எல்லோரும் முதலில் ஓட்டிப் பார்க்கும் மாதிரி நிரல் 'பிளிங்கி'. ஒரு விளக்கை விநாடிக்கு ஒருமுறை மாற்றி மாற்றி ஏற்றி அணைக்கும். மைக்ரோபிட்டுக்கு அதைக் கட்டச் சொன்னால் பிழை காட்டி நின்றுவிடும். 25 விளக்கு இருக்கும் போர்டில் ஒரு விளக்கைக்கூடக் காணோம் என்கிறது!

காரணம் இதுதான். பிளிங்கி நிரல் 'எல்இடி0' என்ற மாற்றுப்பெயரைத் தேடுகிறது. மைக்ரோபிட்டின் போர்டு கோப்பில் அந்த 25 விளக்குகளும் கிடைவரிசையும் நெடுவரிசையுமாகச் சேர்த்து ஓட்டப்படும் ஒரு சிறு திரையாகப் பதிவாகியிருக்கின்றன, தனித்தனி விளக்குகளாக அல்ல. ஆகவே எல்இடி0 என்ற பெயர் அங்கே இல்லை. சிப்பும் நன்றாக இருக்கிறது, போர்டும் நன்றாக இருக்கிறது, நிரலும் சரி. போர்டு கோப்பில் ஒரு பெயர் குறைகிறது, அவ்வளவுதான். மாற்றிப் பழக இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

போர்டின் அடியில் பெரிய ஓட்டையோடு '0' என்று எழுதிய இடம் இருக்கிறதே, அது சிப்பின் போர்ட் 0, பின் 2. அங்கிருந்து முதலை கிளிப், ரெசிஸ்டர், எல்இடியின் நீண்ட கால். குட்டைக் கால் 'ஜிஎன்டி' ஓட்டைக்கு.

இனி பிளிங்கியின் ஃபோல்டரை ஸெஃபிருக்கு வெளியே நகல் எடுங்கள். அதற்குள் 'போர்ட்ஸ்' என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் போர்டின் பெயரையே பெயராகவும் 'ஓவர்லே' என்பதை நீட்டிப்பாகவும் கொண்ட கோப்பு. போர்டின் பெயர் பிபிசி, மைக்ரோபிட், வி2 என்ற மூன்றும் அடிக்கோட்டால் இணைந்தது. கோப்புக்குள் எழுத வேண்டியவை இரண்டே விஷயம். ஜிபிஐஓ எல்இடி வகையைச் சேர்ந்த ஒரு கணு, அதனுள் 'ஜிபிஐஓ0இன் 2ஆம் பின், உயர்நிலையில் எரியும்' என்று சொல்லும் ஒரு விளக்கு. பிறகு மாற்றுப்பெயர்கள் பகுதியில் எல்இடி0 என்பது அந்த விளக்குதான் என்று ஒரு வரி.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். கோப்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் ஸெஃபிர் பிழை சொல்லாது. அப்படி ஒரு கோப்பு இருப்பதே அதற்குத் தெரியாது, பேசாமல் போய்விடும். விண்டோஸ் நோட்பேடில் சேமித்தால் பெயருக்குப் பின்னால் 'டிஎக்ஸ்டி' என்று தானாக ஒட்டிக்கொள்ளும், அதுவும் கண்ணில் படாது. ஆகவே கட்டும்போது திரையில் ஓடும் வரிகளைப் படியுங்கள். 'ஃபவுண்ட் டிவைஸ்ட்ரீ ஓவர்லே' என்று தொடங்கி உங்கள் கோப்பின் முழு முகவரியோடு ஒரு வரி வர வேண்டும். அந்த வரி வராவிட்டால் மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம், பெயரைத் திருத்துங்கள்.

வரி வரவில்லை, பெயரும் சரி என்றால்? ஓவர்லேயைச் சேர்ப்பதற்கு முன்பே ஒருமுறை கட்டியிருப்பீர்கள். சிமேக் முதல் தடவை பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு புதுக் கோப்பைத் தேடாமலே ஓடும். 'பில்ட்' ஃபோல்டரை முழுக்க அழித்துவிட்டு மறுபடி கட்டுங்கள், அல்லது 'ப்ரிஸ்டைன்' தேர்வோடு ஓட்டுங்கள். போர்டு கோப்பில் கை வைத்த ஒவ்வொரு முறையும் சுத்தமாகக் கட்டுவது என்று வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் கூடுதலாகும், ஆனால் ஒரு மாலைப்பொழுது மிச்சமாகும்.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பழக்கத்தைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் அடுத்து சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதிய கோப்பை மறுபடி மறுபடி பார்த்துப் பயனில்லை. கட்டி முடித்ததும் 'பில்ட்' ஃபோல்டருக்குள் 'ஸெஃபிர்' என்ற உள்ஃபோல்டரில், எல்லா அடுக்குகளையும் சேர்த்து உருவான இறுதி டிவைஸ் ட்ரீ கோப்பு கிடக்கும். இயங்குதளம் நம்புவது அதைத்தான். அதைத் திறந்து எல்இடி0 என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் மாற்றம் போய்ச் சேர்ந்தது. அதே ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் 'கான்ஃபிக்' கோப்பு இருக்கும். மென்பொருள் தேர்வுகளின் இறுதி வடிவம் அது. நீங்கள் 'வேண்டும்' என்று எழுதிய ஒரு தேர்வு அங்கே 'இல்லை' என்று இருக்கலாம், ஏனென்றால் அது சார்ந்திருக்கும் வேறொரு தேர்வு இயக்கப்படவில்லை. கட்டும்போது ஒரு மதிப்பைக் கொடுத்தீர்கள், வேறொன்று கிடைத்தது என்று எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் அடக்க வழி தேடாதீர்கள்.

போர்டில் ஏற்றுவது

யுஎஸ்பியில் செருகியதும் 'மைக்ரோபிட்' என்ற பெயரில் ஒரு டிரைவ் தோன்றும். பில்ட் ஃபோல்டரில் உருவான 'ஹெக்ஸ்' கோப்பை அதில் இழுத்துப் போட்டால் முடிந்தது. ஏதாவது தவறினால் அதே டிரைவில் 'ஃபெயில்' என்ற பெயரில் ஓர் எழுத்துக்கோப்பு வந்து உட்கார்ந்திருக்கும், காரணம் அதில் இருக்கும்.

டிரைவின் பெயர் 'மெயின்டனன்ஸ்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். ரீசெட் பொத்தானை அழுத்தியபடியே செருகிவிட்டீர்கள். கழற்றி, விரலை எடுத்துவிட்டுச் செருகுங்கள். அப்போதும் அதே பெயர் வந்தால் யுஎஸ்பி பக்கத்து இடைமுகச் சிப்பின் நிரல் போயிருக்கிறது. மைக்ரோபிட் அறக்கட்டளை தரும் நிரலைத் திரும்ப ஏற்ற வேண்டும். வி2இலேயே பல திருத்தப் பதிப்புகள் உண்டு, இடைமுகச் சிப்பும் மாறியிருக்கிறது. ஆகவே பின்பக்கம் அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணைப் பார்த்து அதற்குரிய நிரலையே ஏற்றுங்கள்.

சீரியல் முனையத்தை 115200 வேகத்தில் திறந்துவைத்து ரீசெட் அழுத்தினால், நட்சத்திரக் குறிகளுக்கு நடுவே 'பூட்டிங் ஸெஃபிர்' என்று பதிப்பு எண்ணோடு ஒரு வரி வரும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

போர்டு ஊமையாகிவிட்டால்

மைக்ரோபிட்டோடு நிற்காமல் சொந்தமாகப் போர்டு செய்கிறவர்களுக்கு இது. பலதுறைத் தொழிற்கல்லூரி இறுதியாண்டுத் திட்டங்களில் அடிக்கடி நடப்பது: என்ஆர்எஃப்52833 சிப்பை வைத்துச் சின்னப் போர்டு வடிவமைப்பார்கள். அதே சிப் உள்ள நார்டிக் டெவலப்மென்ட் கிட்டின் கோப்புகளை நகல் எடுத்து, பின் எண்களை மட்டும் மாற்றி ஏற்றுவார்கள். பிழையில்லாமல் கட்டும், ஏற்றமும் நடக்கும். பிறகு போர்டு ஒரு வரிகூடப் பேசாது.

சாலிடரைக் குறை சொல்லும் முன் ஒன்றைப் பாருங்கள். நார்டிக் கிட்டில் 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்று உண்டு. ஸெஃபிரின் கெர்னல் கடிகாரம் அதன் துடிப்பில் ஓடும்படி அந்தக் கோப்புகள் எழுதப்பட்டவை. உங்கள் போர்டில் இடத்தையும் காசையும் மிச்சப்படுத்த அந்தக் கிரிஸ்டலை விட்டிருப்பீர்கள். கெர்னல் தொடக்கத்திலேயே அது துடிக்கட்டும் என்று காத்து நிற்கும். இல்லாத கிரிஸ்டல் எப்போது துடிக்கும்?

மைக்ரோபிட் வி2இலும் அந்தக் கிரிஸ்டல் கிடையாது. அதற்குரிய இரண்டு கால்களில் ஒன்றான போர்ட் 0, பின் 0 அங்கே ஸ்பீக்கருக்குப் போய்விட்டது. இப்படிப்பட்ட போர்டில் சிப்புக்குள்ளேயே உள்ள ஆர்சி அலையியற்றியைக் கடிகாரமாகத் தேர்ந்தெடுத்து, அளவுதிருத்தத்தையும் இயக்க வேண்டும். டெஃப்கான்ஃபிக்கில் ஒன்றிரண்டு வரி வேலை.

அதற்கு விலை உண்டு. நல்ல கிரிஸ்டல் பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை செய்தால் நாளொன்றுக்கு 1.7 விநாடி தள்ளும். ஆர்சி 500 பங்கு பிழை செய்தால் 43 விநாடி. ஆர்சி வெப்பத்தைப் பொறுத்து நகரவும் செய்யும். குளிர்சாதன அறையில் வைத்துச் சோதித்துவிட்டு அடுக்குமாடி வீட்டு நடைபாதையில் மதிய வெயிலில் மாட்டினால் கணக்கு மாறும். நம் ஊரில் சோதனை என்றால் இரண்டு இடத்திலும் ஓடவிட்டுப் பார்ப்பதுதான்.

ஆயிரம் என்ற அழகான எண்

மாற்றிய போர்டு கோப்புகளில் நான் முதலில் தேடும் வரி ஒன்று உண்டு. விநாடிக்கு எத்தனை கெர்னல் 'டிக்' என்று சொல்லும் வரி. யாரோ ஒருவர் மில்லிவிநாடிக்கு ஒரு டிக் இருந்தால் கணக்கு எளிது என்று 1000 என எழுதியிருப்பார். பல சிப்புகளில் அது சரி. நார்டிக் சிப்பில் சரியில்லை.

இங்கே கெர்னல் கடிகாரம் விநாடிக்கு 32,768 முறை எண்ணுகிறது. அதை 1000ஆல் வகுத்தால் 32.768. டைமர் டிரைவர் பின்னத்தைக் கழித்துவிட்டு 32 என்றே வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு டிக்கும் கொஞ்சம் முன்கூட்டியே வரும். போர்டு 24 மணி நேரம் என்று எண்ணி முடிக்கும்போது சுவர்க்கடிகாரத்தில் 23 மணி 26 நிமிடம் 15 விநாடிதான் ஆகியிருக்கும். விளக்கு சிமிட்டுகிறவரைக்கும் யாருக்கும் தெரியாது. தண்ணீர்ப் பம்ப்பைத் தினமும் குறித்த நேரத்தில் ஓட்ட அதே போர்டை மாட்டினால் இரண்டாவது நாளே தெரிந்துவிடும்.

நார்டிக்கில் 2இன் அடுக்குகளைக் கொடுங்கள்: 128, 1024, அல்லது இயல்பாக இருக்கும் 32768. அந்த இயல்பு மதிப்பை விட்டுவைப்பதே பெரும்பாலும் நல்லது. அங்கும் ஒரு சின்ன நெளிவு இருக்கிறது. ஒரு டிக் சுமார் 30.5 மைக்ரோவிநாடி. 1 மில்லிவிநாடி டைமர் கேட்டால் 32.768 டிக் என்று வராது, 33ஆக ஏறும். அதாவது 1.007 மில்லிவிநாடி. துல்லியமாக எண்ண வேண்டிய இடத்தில் டைமர் எத்தனை முறை வந்தது என்று எண்ணாமல், கெர்னல் கொடுக்கும் ஓடிய நேரத்தையே கேட்டு வாங்குங்கள்.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியாது. எட்டு சேனல் லாஜிக் அனலைசர் ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள், மலிவானதே போதும். எல்இடி போட்ட பின்னிலேயே அதன் முனையை மாட்டி, டைமர் வரும்போதெல்லாம் பின்னை மாற்றச் சொல்லி, ஒரு நிமிடத்துக்கான அலையைப் பதிவு செய்யுங்கள். சராசரி இடைவெளி எவ்வளவு, மிக நீண்டது எவ்வளவு என்று பாருங்கள். நிகழ்நேர வேலையில் சராசரியைவிட மிக நீண்டதுதான் முக்கியம். அளக்கும்போது நிரலில் உள்ள அச்சிடும் வரிகளை எடுத்துவிடுங்கள், அவையே தாமதத்தைக் கிளப்பும்.

சொந்தப் பெயரில் ஒரு போர்டு

ஓவர்லே நீண்டுகொண்டே போய் அசல் கோப்பில் பாதியை ரத்து செய்யும் நிலைக்கு வந்தால் தனிப் போர்டாக்கிவிடலாம். ஒரு ஃபோல்டர், அதற்குள் 'போர்ட்ஸ்', அதற்குள் உங்கள் நிறுவனப் பெயர், அதற்குள் போர்டின் பெயர். கோப்புகளின் பெயரையும் உள்ளே மென்பொருள் தேர்வுகளை வரையறுக்கும் கேகான்ஃபிக் குறியீடுகளில் வரும் பெயரையும் ஒன்றுவிடாமல் மாற்றுங்கள். பிறகு 'போர்டு ரூட்' என்ற மாறியில் இந்த முகவரியைக் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டியது 'போர்ட்ஸ்' ஃபோல்டரின் முகவரி அல்ல, அதைத் தன்னுள் வைத்திருக்கும் மேல் ஃபோல்டரின் முகவரி. போர்டு கிடைக்கவில்லை என்று பிழை வந்தால் பத்தில் எட்டு முறை இதுதான்.

பழைய கோப்பு கைக்கு வந்தால் அது எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று கேளுங்கள். 2024இல் வந்த 3.7 பதிப்பில் ஸெஃபிர் தன் வன்பொருள் அமைப்பையே மாற்றியது. அதற்கு முன் 'ஆர்ம்' என்ற ஃபோல்டருக்குக் கீழ் இருந்த போர்டுகள் இப்போது நிறுவனப் பெயரின் கீழ் இருக்கின்றன. மைக்ரோபிட் இப்போது 'பிபிசி' ஃபோல்டரில் இருக்கிறது. ஒவ்வொரு போர்டுக்கும் புதிதாக ஒரு யாமல் கோப்பும் வேண்டும். 3.6க்கு எழுதிய தொகுப்பை அப்படியே கொண்டுவந்து வைத்துக்கொண்டு மல்லுக்கட்டாதீர்கள். பழையதைப் புதிய அமைப்புக்கு மாற்றும் ஸ்கிரிப்ட் ஸெஃபிரோடேயே வருகிறது. அதை ஓட்டிவிட்டு, மீதியைக் கையால் திருத்துங்கள்.

தொழிற்சாலை வேலையில் இருப்பவர்கள் விஎக்ஸ்வொர்க்ஸைச் சந்திக்கலாம். 1980களிலிருந்து இருக்கும் இயங்குதளம், வணிகத்துக்குப் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும். அதன் 5, 6 வரிசைகளில் பிஎஸ்பி என்பது ஒரே ஃபோல்டர். அதை வேறு பெயரில் நகல் எடுத்து மாற்றுவதே முறை. அப்படி நகல் எடுத்ததும் 'மேக்ஃபைல்' உள்ளே 'டார்கெட் டிர்' என்ற வரியில் இருக்கும் பழைய பெயரை மாற்ற மறக்காதீர்கள். 7ஆம் வரிசையின் அமைப்பு வேறு, இந்தப் பத்தியை அதற்குப் பொருத்த வேண்டாம். நிறுவனத்தின் உரிமத்தில் உள்ள பிஎஸ்பியை வீட்டு லேப்டாப்புக்குக் கொண்டுவந்து பழகுவதும் வேண்டாம். பழகத்தான் ஸெஃபிர் இருக்கிறதே.

கை மாற்றும் முன்

மாற்றிய போர்டு வீட்டுக்குள் இருக்கும்வரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். விற்க நினைத்தால் கதை வேறு. மைக்ரோபிட்டில் உள்ளதுபோல் புளூடூத் வானொலி உள்ள கருவியைச் சிங்கப்பூரில் விற்க, தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும். ரிலே வழியாக 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தைத் தொடும் வேலை என்றால் உரிமம் பெற்ற மின்தொழிலாளரிடம் விடுங்கள்.

கோப்புகளை நண்பருக்கோ அடுத்த ஷிப்டில் இருப்பவருக்கோ கொடுக்கும்போது ஓர் எழுத்துக்கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். போர்டின் பின்பக்கப் பதிப்பு எண், போர்டு எழும்போது காட்டிய ஸெஃபிர் பதிப்பு, 'வெஸ்ட்' உறையவைத்துத் தரும் மேனிஃபெஸ்ட், அசலிலிருந்து எந்த வரிகள் மாறின, ஏன் மாறின. இந்த ஐந்தும் இல்லாத பிஎஸ்பி பொட்டலத்தை நீங்களும் யாரிடமிருந்தும் வாங்காதீர்கள்.